தாழ் போடாத வீடுகள்

புருஷன் இருந்தவரை அவளை எல்லோரும் மருந்துக் கடைக்காரி என்றுதான் சொல்வார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைத் தூக்கத்தில்கூட வாசித்துவிடுவாள் என்று கடை முதலாளி பெருமையடித்துக்கொள்வார். புருஷன் போய், அறக்கட்டளைக் கட்டடத்துக்குக் குடிவந்த அன்றைக்கே, அவள் டிராஃபிக்கம்மா ஆகிவிட்டாள்.

அங்கே அதுதான் வழக்கம். பணியில் இறந்த போலீஸ்காரர்கள், சிறைக் காவலர்களின் குடும்பங்கள் மட்டுமே இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. பெண்களுக்கு அவரவர் வீட்டு ஆளின் உத்தியோகமே பெயர். அவள் குடியிருந்த இரண்டாம் மாடியில் எதிர் வீடு இன்ஸ்பெக்டரக்கா, பக்கத்து வீடு ஜெயில் வார்டரின் மனைவி வார்டரம்மா. ஆள் போனாலும் உத்தியோகம் போகவில்லை பார், இதில் ரிட்டயர்மெண்ட் வேறு கிடையாது என்று வார்டரம்மா சிரித்தாள். டிராஃபிக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் போக்குவரத்துக் காவலர். ஊரின் பெரிய நாற்சந்தியில் நின்றவர். நிறுத்தச் சொல்லிக் கை காட்டிய சரக்கு வண்டி நிற்காமல் வந்தது. யார் கேட்டாலும் இந்த ஒரு வரியைத்தான் சொல்வாள். அதற்குமேல் நீட்டினால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வேறொரு போலீஸ்காரர் குடிவர வேண்டியிருந்தது. எங்கே போவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அறக்கட்டளையின் செயலாளர் தானே தேடி வந்தார். ஒல்லியான மனிதர், உரக்கப் பேசத் தெரியாதவர். துக்கம் விசாரிக்கிற பேச்செல்லாம் பேசவில்லை. மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள், கட்டில் பீரோ எல்லாம் மாடிப்படியில் ஏறுமா என்று கேட்டார். மறுநாள் வண்டியும் ஆட்களும் வந்து நின்றார்கள்.

அந்த அறக்கட்டளைக்கு ஒரு கதை உண்டு. இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பணக்காரர் ஆரம்பித்தது அது. அவர் கடைக்குள் கொள்ளைக்காரர்கள் புகுந்தபோது, அவருக்கு விழ வேண்டிய குத்தை ஓர் இளம் கான்ஸ்டபிள் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டான். கல்யாணம்கூட ஆகாதவன். அவன் தாயைப் பார்க்கப் போன பணக்காரர், ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு எழும்பியதுதான் இந்தக் கட்டடம். கீழ்த்தளத்தில் முதல் வீடு அந்தத் தாய்க்கு. அவள்தான் கான்ஸ்டபிளம்மா.

வீடு நன்றாகவே இருந்தது. காற்று வந்தது, தண்ணீர் வந்தது. ஆனால் வந்த சில நாட்களிலேயே அவள் கண்ணில் ஒன்று பட்டது. வெயில் தாழ்ந்து மாடிப்படியில் இருட்டு ஏறத் தொடங்கும்போது, கட்டடத்துப் பெண்கள் கதவைத் திறந்து, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வைத்தார்கள். தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கட்டடம் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். அவள் மட்டும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். தனியாக இருக்கிற பொம்பளை, வயதுக்கு வராத பெண் குழந்தை, வேறென்ன செய்வாள்.

பிறகு காலடிச் சத்தம் வந்தது.

பூட்ஸ் காலடி. ஒருவர் இல்லை, பலர். பணி முடிந்து களைத்து வருகிறவர்களின் நடை. படியேறி வந்து, தாழ்வாரத்தில் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு கதவருகே நின்றது. கதவு கிறீச்சிட்டது. பிறகு சத்தம் இல்லை. வாட்ச்மேன்களோ, யாருடைய அண்ணன் தம்பிகளோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இத்தனை விதவைகள் வீட்டுக்குப் பொழுது சாய்ந்தால் இத்தனை ஆண்களா என்று ஒரு கெட்ட எண்ணமும் வந்து போனது. ஒரு நாள் கதவில் பதித்திருந்த கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். எதிரே இன்ஸ்பெக்டரக்காவின் வீட்டை நோக்கிக் காலடி போனது. தாழ்வாரத்தில் ஆள் இல்லை. காலடி நின்றது. கதவு தானாக உள்ளே போய், தானாக முன்போலவே திரும்பி நின்றது.

அன்று மகளை மடியில் இறுக்கிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தவள், பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை துணி காயப்போடும்போது இன்ஸ்பெக்டரக்காவிடம் கேட்டாள். அக்கா உயரமான பெண். வெளியூர்ப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள், எதையும் வரிசையாகச் சொல்வாள். அவள் பதறவில்லை, மறைக்கவும் இல்லை. வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சா வீட்டுக்கு வர்றாங்க. கொஞ்ச நேரம் இருப்பாங்க. அவ்வளவுதான். பேசமாட்டாங்க, தொடமாட்டாங்க. பயப்படாதே, எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தாள். போக இடமில்லை. அண்ணன் வீட்டில் அண்ணி முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இருந்தாள். இருக்க இருக்க, பயத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பொறாமை என்றே சொல்லிவிடலாம். காலடிகள் வார்டரம்மா வீட்டுக்குப் போயின, அக்கா வீட்டுக்குப் போயின, மேல்மாடிக்கும் போயின. அவள் கதவைத் தாண்டித்தான் போயின. ஒரு நாளும் நிற்கவில்லை. சாயங்காலம் மற்றவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. அவளோ கல்யாண வீட்டில் இலை கிடைக்காத விருந்தாளிபோல் நின்றாள்.

முதலில் தாழை எடுத்தாள். பிறகு கதவைத் திறந்தே வைத்தாள். யாரும் வரவில்லை. அவருக்குத் தன்மேல் கோபமோ என்றுகூட நினைத்தாள். அவர் இறந்த அன்றைக்குக் காலையில் ஏதோ சில்லறை விஷயத்துக்கு அவரிடம் சிடுசிடுத்திருந்தாள்.

கான்ஸ்டபிளம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவள்தான் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுப்பாள். கொடுக்கப் போன ஒரு நாள், அந்த வீட்டுக் கதவும் இடைவெளியோடு இருந்ததைப் பார்த்து, உங்கள் மகன் தினமும் வருவாரா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். கிழவி மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவன் வந்ததே இல்லம்மா. போலீஸ் ஹாஸ்டல்ல இருந்த பிள்ளை. இந்த வீட்ட அவன் கண்ணால பார்த்ததில்ல. போய்க் கூப்பிட்டுட்டு வரலாம்னு எனக்குத் தெரிய வந்தப்ப ஹாஸ்டல இடிச்சிட்டாங்க. இப்ப அங்க மேம்பாலம். மேம்பாலத்துல நின்னு யாரைக் கூப்பிடுறது?"

கூப்பிட்டு வரவேண்டும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அக்காவிடம் போய் விசாரித்தாள். ஆமாம், எல்லோரும் போய்க் கூட்டி வந்ததுதான் என்றாள் அக்கா. அவர்களுக்குப் பழைய வீடுதான் தெரியும். பாவம், அங்கே போய் நின்றுகொண்டிருப்பார்கள். வாசலில் நின்று கூப்பிட வேண்டும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். துக்கம் ஆறாமல் இருப்பவளிடம் இதை முதலிலேயே சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாள் என்பதால் அவளாகக் கேட்கும்வரை காத்திருந்தார்களாம்.

ஒரு நாள் கடையில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளை அக்காவிடம் விட்டு, பழைய குவார்ட்டர்ஸுக்குப் பேருந்து ஏறினாள்.

அவள் வாழ்ந்த வீட்டில் இப்போது ஒரு புது ஜோடி. கணவன் பணிக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த பெண் நிறைமாதம். இவளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது, யாரென்று சொன்ன பிறகு இன்னும் வெளுத்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஜன்னலுக்குக் கீழே மகள் கிறுக்கிய பூனைப் படம் சுவரில் அப்படியே இருந்தது. சுண்ணாம்பு அடிக்க வந்தவர்களிடம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தானே சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள். பிறகு, கேட்காமலே, கண்ணில் நீரோடு ஆரம்பித்தாள். தினமும் பொழுது சாயும்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் ஆளில்லை, தன் புருஷனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று யாரோ முன்கூட்டியே வந்து சொல்கிறார்கள்போல, ராத்திரியெல்லாம் உறக்கமில்லை.

"உங்க புருஷனுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் இவள். "எங்க வீட்டுக்காரர்தான். வழி தெரியாம வர்றாரு. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

இருவரும் காத்திருந்தார்கள். வெயில் சுவரிலிருந்து இறங்கி, பூனைப் படத்தைக் கடந்து, தரைக்கு வந்தது. கதவு தட்டப்பட்டது. அவசரமில்லாத தட்டல். கர்ப்பிணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெற்று வாசல். படியில் ஒரு குளிர் மட்டும் நின்றது.

"ஏங்க," என்றாள். "ஏங்க, வாங்க. நம்ம வீடு இப்ப வேற இடம். போலாம் வாங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனை வரை ஒன்றும் கேட்கவில்லை. இரும்புப் பட்டறையைத் தாண்டியபோது பின்னால் பூட்ஸ் காலடி கேட்டது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. பேருந்தில் நல்ல கூட்டம். ஆனாலும் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. உட்கார வந்த ஓர் அம்மாள் குனிந்து, ஏதோ ஈரத்தில் கை பட்டதுபோல் நிமிர்ந்து, நின்றுகொண்டே பயணம் செய்தாள். இவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளியே தெரியாமல் அழுதாள். மனசு நிறைந்த அழுகை.

அன்று முதல் அவள் கதவருகேயும் காலடி நின்றது.

முதல் சில நாட்கள் திருவிழாபோல் போயின. அவருடைய நாற்காலியைத் துடைத்து வைத்தாள். ஆனால் அவர் நாற்காலிக்குப் போகவில்லை. காலடி ஜன்னலுக்குப் போய் அங்கேயே நின்றது. சில நாள் சமையலறைக்குப் போனது, அப்போது குழாய் தானாகத் திறந்து ஓடியது. இவர் எந்தக் காலத்தில் சமையலறைக்குள் கால் வைத்தார், செத்த பிறகாவது புத்தி வந்ததே என்று கேலியாக நினைத்துக்கொண்டாள். அவருக்குப் பழைய விபத்தொன்றில் அடிபட்டு இடது கால் இழுக்கும். இப்போது நடை சீராக இருந்தது. போன இடத்தில் கால்வலி தீர்ந்துவிட்டது என்று அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட. மனசு ஒன்றை வேண்டுமென்று முடிவு செய்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்?

மகள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலருகே காலடி நின்றிருந்தது. பென்சிலை நிறுத்தாமலே கேட்டாள்:

"அம்மா, இந்த மாமா எப்ப போவாரு?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மகள் தானாகவே, சாதாரணமாக, இந்த மாமாவுக்கு அப்பா மாதிரி மீசை இல்லை, காதில் ஏதோ மாட்டியிருக்கிறார், வெளியிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

அவள் மெல்ல மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். அன்றைக்கே கைபேசி அடித்தது. குவார்ட்டர்ஸ் பெண். நாலைந்து நாள் நிம்மதியாகத் தூங்கினேன் அக்கா, இப்போது மறுபடியும் கதவு தட்டுகிறது என்றாள். ஆனால் இந்தத் தட்டல் வேறு மாதிரி, தட்டிவிட்டுக் காத்திருக்காமல் உடனே மறுபடி தட்டுகிறது. அவசரக்காரத் தட்டல்.

அவர் அப்படித்தான் தட்டுவார். கதவைத் திறக்கப் போகும் வழியிலேயே இன்னொரு முறை தட்டி அவளை எரிச்சல்படுத்துவார்.

அக்கா முழுக்கக் கேட்டாள். எப்படிக் கூப்பிட்டாய் என்று மட்டும் விசாரித்தாள். இவள் சொன்னாள். அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்கன்னு கூப்பிட்டா யாருன்னு தெரியும்? பொண்டாட்டி கட்டின எல்லாருக்கும் அதுதானே பேரு. அங்க எத்தனை பேர் வாழ்ந்த வீடோ. கூப்பிட ஆளில்லாம நின்ன ஒருத்தர், நம்மளத்தான் கூப்பிடுறாங்கன்னு வந்துட்டாரு. உன் ஆளு இத்தனை நாள் அவருக்குப் பின்னால நின்னிருப்பாரு."

அந்த இரவு மகளோடு அக்கா வீட்டில் படுத்தாள். கண்ணை மூடினால் ஜன்னலருகே நின்ற அந்த ஆள்தான் வந்தார். அந்நிய ஆண் ஒருவரை வீட்டுக்குள் வைத்து, அவர் முன்னால் தலை வாரி, சிரித்து, தனியாகப் பேசி, என்னென்னவோ சொல்லியிருந்தாள். கூச்சமும் பயமும் மாறி மாறி வந்தன. விடியும்போது அவற்றுக்கு அடியில் ஓர் இரக்கம் இருந்தது. குழாயைத் திறந்தது தாகமாக இருக்குமோ?

மறுநாளே மறுபடி போனாள். குவார்ட்டர்ஸ் பெண் அதற்குள் அக்கம்பக்கத்தில் விசாரித்து வைத்திருந்தாள். வெகு காலத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வயர்லெஸ்காரர் இருந்தாராம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித் தகவல் சொல்லிக்கொண்டே, தான் நின்ற இடத்தை விட்டு நகராமல் மூழ்கிப் போனவர். மனைவி சின்ன வயசு. கடல் தாண்டிப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டாள், அது அவள் நியாயம். இந்த வீட்டுக்கு அவள் திரும்பி வரவேயில்லை. இவள் இருந்த காலத்திலும் பொழுது சாயத் தட்டல் கேட்டதுண்டு, தெருப் பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. உடனே இன்னொரு முறை. இவள் திறந்தாள். இந்த முறை ஏங்க என்று சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் வாய் அவர் பெயரைச் சொன்னதில்லை. பள்ளிப் படிவத்தில் எழுதியிருக்கிறாள், ஆஸ்பத்திரியில் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறாள், சொன்னதில்லை. இப்போது சொன்னாள். முழுப் பெயரை, அவர் அப்பா பெயரோடு சேர்த்து. நாக்குக்குப் பழகாத சொல்லாக அது தடுக்கி வெளியே வந்தது. சொன்னதும் படியில் இடது கால் இழுபடும் சத்தம் கேட்டது.

பேருந்து, அவர் பணியில் நின்ற அந்தப் பெரிய நாற்சந்தியில் நின்றது. அங்கே இறங்கி வேறு பேருந்து மாற வேண்டும். சாலையைக் கடக்க அவள் ஓரமாக நின்றபோது, பின்னால் வந்த காலடி அவளைத் தாண்டிப் போனது. இழுத்து இழுத்து நடந்து சாலையின் நடுவுக்குப் போயிற்று. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேகமாக வந்த ஒரு சரக்கு வண்டி ஏன் என்றே தெரியாமல் பிரேக் போட்டுக் குலுங்கி நின்றது. அதன் பின்னால் கார்கள் நின்றன, பைக்குகள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நாலு பக்கமும் வண்டிகள் நிற்க, நடுவே வெறும் தார்ச்சாலை கிடந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாதுதான், எதிரே பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"போதும், வாங்க," என்றாள் மெல்ல. "அதுக்கு இப்ப வேற ஆள் இருக்காங்க."

சரக்கு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. காலடி அவளிடம் வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலருகே அந்த இன்னொருவர் இருந்தார். எதுவும் தெரியவில்லை, ஆனால் இருந்தார். ஒரே அறைக்குள் இரண்டு குளிர். அவள் புருஷனின் காலடி வாசற்படியிலேயே நின்றுவிட்டது. வாழ்நாளில் அவள் சந்தித்த சங்கடங்களில் அதுபோல் ஒன்றில்லை. வந்த விருந்தாளியைப் போகச் சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பினாள். தப்பு தன்மேல்தான், தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றாள்.

அண்ணா என்ற சொல் போதுமாயிருந்தது. சீரான நடை அவளைச் சுற்றி விலகி, வாசலைக் கடந்து, தாழ்வாரத்துக்குப் போனது. பிறகு இழுத்த கால் உள்ளே வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. மகள் தலையைத் தூக்கிப் பார்த்து, தன் நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வெளியேறியவருக்குப் போக இடமில்லை. அன்றும் அடுத்தடுத்த நாட்களும் தாழ்வாரங்களில் அந்தக் காலடி அலைந்தது. மாடிக்கு மாடி ஏறி இறங்கியது. ஒவ்வொரு கதவருகேயும் நின்று, தனதில்லை என்று நகர்ந்தது. கட்டடத்துத் தண்ணீர்க் குழாய்கள் கண்ட நேரத்தில் ஓடின. படிகளில் ஈரத் தடம் இருந்தது, துடைத்தால் மறுபடி வந்தது. கூட்டி வந்தவளே கொண்டுபோய் விடட்டும் என்று மேல்மாடியில் முணுமுணுத்தார்கள். வார்டரம்மா, கட்டடம் உண்டானதிலிருந்து முதல் தடவையாக, பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழ் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். அன்று வந்த காலடிகள் எல்லாம் சாத்திய கதவுகளுக்கு வெளியே நின்றன. கட்டடம் முழுக்க மெல்லத் தட்டும் சத்தம்.

அவள் மட்டும் கதவைத் திறந்து வெளியே வந்தாள். எல்லாம் தன்னால் வந்த வினை. மறுபடி குவார்ட்டர்ஸுக்கே கூட்டிப்போக வேண்டியதுதான். ஆனால் அங்கே பிள்ளை பெறப் போகிற ஒருத்தி இருக்கிறாள். இறங்கி இறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்தபோது, கான்ஸ்டபிளம்மாவின் கதவு மட்டும் அகலத் திறந்து கிடந்தது. கிழவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, நாலடி தள்ளி, தரையில் ஈரம் பரவி நின்றது.

கிழவி அந்த ஈரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரு எனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "என் பிள்ளைக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியாது. உனக்குப் போக வீடு கிடையாது. உள்ள வா. தலை துவட்டிக்க."

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ஈரத் தடம் ஒவ்வொன்றாக அவள் பின்னால் போனது. உள்ளே துண்டு உதறும் சத்தம் கேட்டது. மேலே தாழ்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அதன்பிறகு படிகள் காய்ந்தே இருந்தன. குவார்ட்டர்ஸ் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது, தட்டல் எதுவும் இல்லையென்று கைபேசியில் அழைத்துச் சொன்னாள். இவளும் மெல்ல மெல்ல மனுஷியானாள். கடையில் சிரித்தாள். டிராஃபிக்கம்மா என்று கூப்பிட்டால் உடனே திரும்பினாள்.

கட்டடத்துக்கு வருகிற எந்த ஆளும் பேசியதில்லை. அக்கா சொன்னது உண்மைதான். அவள் தன் புருஷனிடம் கடை விஷயம், மகள் விஷயம், அண்ணி விஷயம் எல்லாம் பேசுவாள், நாற்காலி கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கான்ஸ்டபிளம்மாவும் அப்படித்தான் பேசினாள். மகன் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது, முதல் சீருடையைத் தைத்து வாங்கியது, எல்லாவற்றையும் அந்த வயர்லெஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். மாத்திரை கொடுக்கப் போகும்போது காதில் விழும்.

ஒரு நாள் மாத்திரையோடு போனபோது, வாசலில் அறக்கட்டளைச் செயலாளர் நின்றிருந்தார். எப்போதாவது வந்து விசாரித்துவிட்டுப் போவார். எப்போதும் பகலில் வருகிறவர் அன்று பொழுது சாய வந்துவிட்டார். கதவைத் தட்டத் தூக்கிய கையைத் தட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கிழவி ஏதோ கேட்டாள். அதற்கு ஓர் ஆண் குரல் பதில் சொன்னது. தூரத்திலிருந்து, இரைச்சலுக்கு நடுவே வருவதுபோல், விட்டு விட்டு. என்ன சொன்னதென்று விளங்கவில்லை. கிழவி சிரித்தாள்.

மாத்திரையோடு அவளும் செயலாளருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அந்த அம்மா தனியாத்தான இருக்காங்க," என்றார் செயலாளர். "உள்ள யாரு?"

"சொந்தக்காரர் சார்."

"பணியில இறந்தவங்க குடும்பம் மட்டுந்தாம்மா இங்க தங்கலாம்."

"குடும்பந்தான் சார்," என்றாள் அவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த கதவிடுக்கைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. குரலைத் தாழ்த்தி, அவருக்கு ஏதாவது தேவைப்படுமா என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, ஒரு கட்டில் இருந்தால் நல்லது, அந்த அம்மா தன் கட்டிலை அவருக்கு விட்டுவிட்டுத் தரையில் படுக்கிறார்கள் என்றாள்.

கட்டில் வந்தது. இரண்டு ஆட்கள் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனார்கள். விரிப்பு விரிக்க அவளும் உதவினாள். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தாள். கிழவி தன் கட்டிலில் கண் அயர்ந்திருந்தாள். புதுக் கட்டிலில் விரிப்பு கசங்கி, தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இருந்தது. பொழுது சாய வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற மற்றவர்களைப்போல் இவர் போயிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்லத் திரும்பிப் படுத்தது.

அவள் செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே வந்து, கதவை முன்போலவே இடைவெளி விட்டு வைத்துவிட்டு, வேலைக்குப் போனாள்.